ஹோம் கோப்பகத்துக்கு அப்பால்: லினக்ஸில் முழுக் கணினிக் காப்பு

உபுண்டு நிறுவிய ஒரு மடிக்கணினியின் எஸ்எஸ்டி ஒருநாள் செயலிழந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் கவனமானவர், வாரந்தோறும் வெளித்தட்டில் காப்பு (பேக்கப்) எடுத்து வந்தவர். புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தி, உபுண்டுவை மறுபடி நிறுவி, டேஜா டூப் என்ற காப்பு மென்பொருளைத் திறந்து மீட்டெடுக்கச் சொல்கிறார். ஆவணங்களும் ஒளிப்படங்களும் உலாவியின் புத்தகக்குறிகளும் அப்படியே திரும்பி வருகின்றன. ஆனால் வைஃபை கடவுச்சொற்கள் வரவில்லை. பிரிண்டரை மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருந்த கணக்கு வழக்குகளைக் காணவில்லை. மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளும் போய்விட்டன.

இவை எவையும் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்பகத்துக்குள் இருந்தவை அல்ல. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், வைஃபை விவரங்களைப் பொதுவாகக் கணினியின் அமைப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) கோப்பகத்தில், ரூட் எனும் நிர்வாகக் கணக்கு மட்டுமே படிக்கக்கூடிய கோப்புகளாக வைக்கிறது. பிரிண்டர் அமைப்புகளும் ஈடிசியில்தான் இருக்கின்றன. தரவுத்தளமும் மெய்நிகர் வட்டுகளும் வழக்கமாக வார் (/var) கோப்பகத்தின் கீழ் இருக்கும். டேஜா டூப் எடுக்கும் காப்போ இயல்பாக ஹோம் கோப்பகத்தோடு நின்றுவிடுகிறது. அதிலும் குப்பைத் தொட்டியையும் பதிவிறக்கக் கோப்புறையையும் விட்டுவிடுகிறது.

2011இல் வெளிவந்த உபுண்டு 11.10 முதல் பல ஆண்டுகள் அந்த இயங்குதளத்தோடு உடன் வந்ததால், லினக்ஸ் மேசைக் கணினியில் 'காப்பு' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டேஜா டூப்தான். முழுக் கணினியையும் இது ஏன் காப்பெடுக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. சேர்க்க வேண்டிய கோப்பகங்களின் பட்டியலில் ஹோமுக்குப் பதிலாக, எல்லாக் கோப்பகங்களுக்கும் மேலே உள்ள ரூட் கோப்பகத்தைக் குறிப்பிட்டால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். போதாது. முழுக் கணினிக் காப்பு என்ற வசதியில் கோப்புகளைப் படித்து வைப்பது சிறு பகுதி மட்டுமே. அவற்றைத் திரும்ப வைத்து, அந்தக் கணினி மறுபடி பூட் ஆகும்படி செய்வதுதான் பெரும் பகுதி. பயனருக்கு 'முழுக் காப்பு' என்று ஒரு மென்பொருள் சொல்லுமானால், அது இந்த இரண்டாவது பகுதிக்குத்தான் வாக்குக் கொடுக்கிறது.

முதல் பகுதியே அவ்வளவு எளிதில்லை என்பதால் அங்கிருந்து தொடங்கலாம். லினக்ஸில் ரூட் கோப்பகத்தின் கீழ் தெரிவதெல்லாம் வட்டில் இருப்பவை அல்ல. ப்ராக், சிஸ், டெவ், ரன் ஆகிய கோப்பகங்களில் உள்ளவை இயங்குதளத்தின் மையமான கர்னலும் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களும் நினைவகத்தில் உருவாக்கிக் காட்டும் தோற்றங்கள். ப்ராக் கோப்பகத்தில் உள்ள கேகோர் என்ற ஒரே கோப்பு, 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 128 டெராபைட் அளவுடையதாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதை நகலெடுக்க முயலும் மென்பொருள் திரும்பி வராது. அதேபோல் வெளித்தட்டு எங்கே இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தை விலக்காவிட்டால் காப்பு தன்னையே காப்பெடுக்கத் தொடங்கிவிடும். ஒரே கோப்பு முறைமைக்குள் மட்டும் நில் என்று கட்டளையிட்டால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் தீரும். ஆனால் தனியாக இருந்தால் பூட் பகுதியும், யூஇஎஃப்ஐ என்ற தொடக்க முறை உள்ள கணினிகளில் ஃபேட் முறையில் தனியாக இருக்கும் ஈஎஃப்ஐ பகுதியும் அதே கட்டளையால் விடுபட்டுப்போகும். கணினியைத் தொடங்கி வைப்பவை அந்த இரண்டும்தான். ஆகவே எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்பதை மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவது அனுமதி. ஈடிசியில் உள்ள கடவுச்சொல் கோப்பையும் வைஃபை விவரங்களையும் சாதாரணப் பயனர் படிக்க முடியாது. அதற்காக வரைகலை மென்பொருள் முழுவதையும் ரூட்டாக இயக்குவது பழைய வழி; திரையைக் கையாளும் வேலாண்ட் முறை வந்த பிறகு அது தொழில்நுட்ப அளவிலும் ஒத்துவருவதில்லை, பாதுகாப்பு நோக்கிலும் விரும்பத்தக்கது அல்ல. முறையான வழி, திரையில் தெரியும் பகுதியைப் பயனரின் அனுமதியோடு விட்டுவிட்டு, படிக்கும் வேலையை மட்டும் செய்யும் ஒரு சிறு துணை நிரலை ரூட்டாக இயக்கி, இரண்டுக்கும் நடுவே பால்கிட் என்ற அனுமதிச் சேவை வழியாக அனுமதி கேட்பது. அந்தத் துணை நிரலில் ஒரு பிழை இருந்தால் அது கணினி முழுவதற்குமான ஓட்டையாகிவிடும். 2022 ஜனவரியில் பால்கிட்டின் பிகேஎக்ஸெக் நிரலில் வெளிப்பட்ட பிழை, எந்த உள்ளூர்ப் பயனரையும் ரூட்டாக்கக்கூடியதாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் முதன்மை லினக்ஸ் வெளியீடுகளில் (டிஸ்ட்ரோக்களில்) அது திருத்தப்படாமல் இருந்தது. சிறு குழுவோ தனி ஒருவரோ பராமரிக்கும் ஒரு காப்பு மென்பொருள், ரூட் அனுமதியுடன் பின்னணியில் தானாக இயங்கும் நிரல் ஒன்றை எழுதத் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை.

செயலிகளைத் தனி வேலிக்குள் வைத்து வழங்கும் ஃபிளாட்பேக் முறை இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. இன்று பல மேசைச் செயலிகள் ஃபிளாட்பேக்காகவே வழங்கப்படுகின்றன. டேஜா டூப்பும், பைக்கா பேக்கப் என்ற இன்னொரு காப்புச் செயலியும் அப்படிக் கிடைக்கின்றன. ஃபிளாட்பேக்கின் வேலிக்குள் இருக்கும் செயலிக்குத் தெரியும் ஈடிசியும், நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆரும் (/usr) கணினியுடையவை அல்ல, அந்தச் செயலியின் இயக்கச் சூழலுடையவை. மேலும், வேலிக்குள் இருந்துகொண்டு எந்த வழியிலும் கூடுதல் அனுமதி பெற முடியாதபடி கர்னலிடமே சொல்லி வைத்துவிடுகிறது ஃபிளாட்பேக். வெளியே ஒரு நிரலை இயக்கும்படி கேட்க வழி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தினால் வேலி இருந்தும் பயனில்லை.

இவற்றையெல்லாம் தாண்டிப் படிக்கத் தொடங்கினாலும், கோப்பின் உள்ளடக்கம் மட்டும் போதாது என்பது அடுத்துத் தெரியவரும். ஹோம் கோப்பகத்தில் ஒரு கோப்புக்குப் பெயரும் உள்ளடக்கமும் தேதியும் சரியாக வந்தால் பயனர் நிறைவடைந்துவிடுவார். இயங்குதளத்தின் கோப்புகளோ உரிமையாளர் யார், சிறப்பு அனுமதிகள் எவை, கூடுதல் பண்புகள் எவை என்பனவற்றையும் சேர்த்துத்தான் வேலை செய்கின்றன. ரூட் அனுமதி பெற்றுத் தரும் சூடோ நிரலிலிருந்து, அதை ரூட்டாக இயங்கவிடும் செட்யூஐடி என்ற ஒரே ஒரு பிட் விழுந்துவிட்டால் அது வெறும் கோப்பாகிவிடும். சில நிரல்களுக்குக் கர்னல் தரும் தனித் திறன்கள், கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்பாகப் பதிவாகியிருக்கும். ஃபெடோரா லினக்ஸில் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு முத்திரைகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பலரும் நம்பிப் பயன்படுத்தும் ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கட்டளையின் 'ஏ' என்ற விருப்பம், பெயரளவில் எல்லாவற்றையும் காப்பது போலத் தோன்றினாலும், கூடுதல் பண்புகளையும் அனுமதிப் பட்டியல்களையும், ஒரே கோப்புக்கு இருக்கும் பல பெயர்களான ஹார்டு லிங்க்குகளையும் காப்பதில்லை. அவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். திரும்ப எழுதும்போது வரிசையும் முக்கியம். ஒரு கோப்பின் உரிமையாளரை மாற்றினால் லினக்ஸ் கர்னல் பாதுகாப்புக்காக அதன் செட்யூஐடி பிட்டையும் தனித் திறன்களையும் நீக்கிவிடும். எனவே முதலில் உரிமையாளர், பிறகுதான் மற்றவை. உரிமையாளரையும் பெயரால் அல்லாமல் எண்ணால் திரும்ப வைக்க வேண்டும். ஏனெனில் மீட்டெடுப்பு நடக்கும், யூஎஸ்பியிலிருந்தே இயங்கும் லினக்ஸில் (லைவ் யூஎஸ்பி) அதே பெயருக்கு வேறு எண் இருக்கலாம், அல்லது அந்தப் பெயரே இல்லாமலும் போகலாம்.

டேஜா டூப்பின் விஷயத்தில் இந்த இடம் தனிக் கவனத்துக்கு உரியது. அது தானே காப்பெடுப்பதில்லை. உள்ளிருந்து வேலை செய்வது இன்னொரு கருவி. நெடுங்காலம் அந்தக் கருவி டூப்ளிசிட்டியாக இருந்தது. டூப்ளிசிட்டி கோப்புகளை டார் வடிவில் கட்டி, மறையாக்கி, மாறியவற்றை மட்டும் அடுத்தடுத்த அடுக்குகளாகச் சேர்க்கிறது. தன்னால் ஹார்டு லிங்க்குகளைக் கையாள முடியாது என்பதை அதன் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. ஹோம் கோப்பகத்தில் இது பெரும்பாலும் யாருக்கும் உறைக்காது. கணினி முழுவதையும் எடுத்தால் உறைக்கும். ஃபிளாட்பேக் தன் செயலிகளை வார் கோப்பகத்தின் கீழ் ஒரு களஞ்சியத்தில் வைத்து, அங்கிருந்து ஹார்டு லிங்க்குகளால்தான் நிறுவுகிறது. அந்த இணைப்புகள் காக்கப்படாவிட்டால் ஒவ்வொரு கோப்பும் இரண்டாகி, மீட்டெடுத்த கணினியில் முன்பு இருந்ததைப் போல் இருமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பிற்பாடு டேஜா டூப்பில் சேர்க்கப்பட்ட ரெஸ்டிக் கருவியும், பைக்கா பேக்கப், வோர்ட்டா ஆகிய செயலிகள் பயன்படுத்தும் போர்க் கருவியும் ஹார்டு லிங்க்குகளையும் கூடுதல் பண்புகளையும் பதிவு செய்கின்றன. ஆகவே முழுக் காப்பு என்ற கோரிக்கை, உள்ளிருக்கும் கருவியை மாற்றும் கேள்வியோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கிறது.

இந்தக் கருவிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டில் இருக்கும் வெளித்தட்டு பெரும்பாலும் விண்டோஸிலும் திறக்கும்படி எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸின் உரிமையாளர் விவரத்துக்கு இடமே இல்லை. கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் டைம்ஷிஃப்ட் போன்ற மென்பொருள், அதனால்தான் லினக்ஸ் கோப்பு முறைமை உள்ள தட்டைக் கேட்கிறது. போர்கும் ரெஸ்டிக்கும் எல்லா விவரங்களையும் தம் களஞ்சியத்துக்குள் பதிந்துகொள்வதால், அடியில் எந்தக் கோப்பு முறைமை இருந்தாலும் ஒன்றுதான். அந்தக் களஞ்சியத்தை மறையாக்கியும் வைக்கலாம். முழுக் காப்பில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். கடவுச்சொல் கோப்பும் வைஃபை விவரங்களும் எஸ்எஸ்ஹெச் தனித்திறவுகளும் அதற்குள் இருக்கின்றன. வெளித்தட்டு ஒரு நாள் பேருந்தில் தொலைந்தால் தொலைவது ஒளிப்படங்கள் மட்டுமாக இருக்காது.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியைப் படிப்பதில் உள்ள முரண்பாட்டுச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காப்பு ஓடும் அந்த அரைமணி நேரத்துக்குள், தொகுப்புகளை நிறுவும் ஏபிடி ஒரு புதுப்பிப்பை நிறுவினால், யூஎஸ்ஆரில் பழைய நிரலும் தொகுப்புப் பதிவேட்டில் புதிய பதிப்பு எண்ணும் பதிவாகும். விண்டோஸ், எக்ஸ்பி காலத்திலிருந்தே, ஒரு கணத்தில் உறைந்த தோற்றத்திலிருந்து (ஸ்னாப்ஷாட்) படிக்கும் வசதியைத் தன்னிடம் வைத்திருக்கிறது. லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அதைத் தருகிறது. 2020இல் ஃபெடோரா 33 அதை மேசைக் கணினிகளுக்கு இயல்பாக்கியது. உபுண்டு இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்டி4 அதைத் தருவதில்லை. எனவே மென்பொருள் இருக்கும் இடத்தில் உறைந்த தோற்றத்தைப் பயன்படுத்தி, இல்லாத இடத்தில் தொகுப்பு நிறுவல் ஓடும்போது காத்திருந்து, தரவுத்தளங்களுக்கு முறையான ஏற்றுமதி ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி மீட்டெடுப்புக்கு வருவோம். பழைய தட்டு போய்விட்டது; புதிய தட்டு வெறுமையாக இருக்கிறது. முதலில் அதைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். பழைய அமைப்பு எப்படி இருந்தது என்ற விவரம் கோப்புகளின் காப்பில் இல்லை. அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். வட்டு எல்யூகேஎஸ் முறையில் மறையாக்கப்பட்டிருந்தால், அதன் தலைப்பகுதி கோப்பு முறைமைக்கு வெளியே இருக்கிறது. அதுவும் காப்பில் வராது. புதிதாக உருவாக்கிய ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்ற புதிய அடையாள எண் கிடைக்கும். ஆனால் எந்தப் பகுதியை எங்கே இணைப்பது எனச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பும், மறையாக்கிய பகுதிகளைச் சொல்லும் க்ரிப்டேப் கோப்பும், இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் க்ரப்பின் அமைப்பும் மீட்டெடுத்த பிறகும் பழைய யூயூஐடிகளையே சொல்லிக்கொண்டிருக்கும். கோப்புகள் ஒன்று விடாமல் திரும்பிவந்த பிறகும் கணினி அவசர நிலைத் திரையில் நின்றுபோவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

க்ரப் போன்ற பூட்லோடர் அடுத்தது. ஈஎஃப்ஐ பகுதியில் கோப்புகளைத் திரும்ப வைத்தாலும், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்பு தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. அது எந்தக் காப்பிலும் வருவதில்லை. மடிக்கணினியே மாறிவிட்டால், தொடக்க நினைவகப் படிமம் எனப்படும் இனிட்ராம்எஃப்எஸ் தடையாகலாம். ஃபெடோரா அதை அந்தந்தக் கணினிக்குத் தேவையான இயக்கிகளை (டிரைவர்) மட்டும் கொண்டு உருவாக்குகிறது. பழைய கணினியில் சாட்டா தட்டும் புதியதில் என்விஎம்இ தட்டும் இருந்தால், தேவையான இயக்கி படிமத்துக்குள் இல்லாமல் போகலாம். அப்போது கர்னல் எழுந்துகொண்டும் ரூட் கோப்பகத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். டெபியனின் இயல்பான அமைப்பு பெரும்பாலான இயக்கிகளைச் சேர்த்தே கட்டுவதால் அங்கே இந்தத் தடை அரிது. இத்தகைய வேறுபாடுகள் வெளியீட்டுக்கு வெளியீடு இருப்பதால்தான், எல்லா லினக்ஸுக்கும் பொதுவான ஒரு காப்பு மென்பொருள் 'பூட் ஆகும்' என்று உறுதி சொல்வது இவ்வளவு கடினமாகிறது.

இந்த வேலைகளையெல்லாம் செய்யும் கருவிகள் இல்லாமல் இல்லை. சர்வர் நிர்வாகிகள் பயன்படுத்தும் ரிலாக்ஸ் அண்ட் ரிகவர், வட்டின் அமைப்பைக் குறித்துக்கொண்டு, அதே கணினியின் கர்னலோடு பூட் ஆகும் மீட்புப் படிமம் ஒன்றையும் உருவாக்கி வைக்கிறது. குளோன்சில்லா பகுதிகளை அப்படியே படிமமாக எடுக்கிறது. ஆனால் வழக்கமாகக் கணினியை நிறுத்திவிட்டு யூஎஸ்பியிலிருந்து தொடங்கித்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், வாரந்தோறும் தானாக நடக்கும் காப்பாக அதைக் கொள்ள முடியாது. லினக்ஸ் மின்ட் 18.3 முதல் உடன் வரும் டைம்ஷிஃப்ட் மேசைப் பயனருக்கு மிக நெருங்கி வருகிறது. லைவ் யூஎஸ்பியிலிருந்தும் அதை இயக்கலாம். மீட்டெடுத்த பிறகு க்ரப்பை மறுபடி நிறுவுவது, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிப்பது ஆகியவற்றையும் அதுவே செய்யும். ஆனால் அதன் நோக்கம் கெட்டுப்போன புதுப்பிப்பிலிருந்து பின்னோக்கிச் செல்வது. ஹோம் கோப்பகத்தை அது இயல்பாகவே விட்டுவிடுகிறது. பிடிஆர்எஃப்எஸ் முறையில் அது எடுக்கும் தோற்றங்கள் அதே தட்டில்தான் இருக்கின்றன. தட்டே போனால் அவையும் போகும். ஓபன்சூசேயின் ஸ்னாப்பருக்கும் இது பொருந்தும்.

ஆக, ஒரு மென்பொருள் ஹோமை மட்டும் காக்கிறது, மற்றொன்று ஹோமைத் தவிர மற்றதைக் காக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்பதே பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் அறிவுரை. இது தவறில்லை, ஆனால் முதல்முறை லினக்ஸுக்கு வருபவரிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மேக்கில் டைம் மெஷின் 2007 முதல் ஒரே வெளித்தட்டை வைத்துக்கொண்டு, புதிய தட்டிலும் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவதை அவர் பார்த்திருக்கிறார். அங்கே வன்பொருளும் பூட்லோடரும் கோப்பு முறைமையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பது விளக்கமாகுமே தவிர, தட்டை இழந்தவருக்கு ஆறுதலாகாது.

என் கருத்தில், டேஜா டூப், பைக்கா போன்றவை முதலில் சேர்க்க வேண்டியது கணினியின் முழு நகலை அல்ல, கணினியின் நிலையை. யூஎஸ்ஆர் கோப்பகத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி இணையத்திலிருந்து மறுபடி கிடைக்கக்கூடியது. பயனர் தானே கேட்டு நிறுவிய தொகுப்புகளின் பட்டியல், கூடுதலாகச் சேர்த்த களஞ்சியங்கள், ஈடிசியில் மாற்றப்பட்ட கோப்புகள், யூஎஸ்ஆர் லோக்கலும் ஆப்டும், வாரில் உள்ள தரவு ஆகிய இவைதாம் மறுபடி கிடைக்காதவை. லினக்ஸ் மின்டின் காப்புக் கருவி தனிப்பட்ட கோப்புகளையும் நிறுவிய செயலிகளின் பட்டியலையும் தனித்தனியாகச் சேமித்து இந்தப் பாதையில் முதல் அடியை எடுத்து வைத்திருக்கிறது. இந்த முறையில் பகுதி பிரிப்பதையும் பூட்லோடரையும் யூயூஐடிகளையும் இயங்குதளத்தின் நிறுவியே பார்த்துக்கொள்கிறது. காப்பு மென்பொருள் புதிதாக நிறுவிய கணினியின் மேல் பழைய நிலையை இட்டு நிரப்பினால் போதும். அப்போதும் எஃப்எஸ்டேப், க்ரிப்டேப், கணினியின் அடையாள எண் போன்ற சில கோப்புகளைத் தொடாமல் விட வேண்டும். இணைய இணைப்பு வேண்டும் என்பதும், கையால் இறக்கி நிறுவிய தொகுப்புகள் பட்டியலில் பெயராக மட்டுமே நிற்கும் என்பதும் இதன் குறைகள். அவற்றை ஏற்றுக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

ஃபெடோரா சில்வர்புளூ போன்ற மாற்றப்படாத இயங்குதளங்களில் இந்தப் பிரிவினை ஏற்கெனவே கட்டமைப்பிலேயே இருக்கிறது. அங்கே யூஎஸ்ஆர் படிக்க மட்டுமே கூடியது. அது எந்த வெளியீட்டிலிருந்து வந்தது என்பது ஒரு அடையாளக் குறியில் அடங்கும். பயனருடையவை எல்லாம் ஈடிசியிலும் வாரிலும் இருக்கின்றன. ஹோம்கூட வாரின் கீழ்தான். அந்த அடையாளக் குறி, மேலே சேர்த்த தொகுப்புகளின் பட்டியல், அந்த இரண்டு கோப்பகங்கள் இவ்வளவும் இருந்தால் அது முழுக் காப்புக்கு நிகர்.

முழு நகல்தான் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்க வேண்டும். ஆனால் காப்பெடுக்கும் பொத்தானை முதலில் வெளியிட்டு, மீட்டெடுக்கும் வசதியை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவைப்பதை நான் ஏற்க மாட்டேன். வட்டின் அமைப்பைக் குறித்துக்கொள்வதும், லைவ் யூஎஸ்பியிலிருந்து புதிய தட்டைத் தயார் செய்து யூயூஐடிகளைத் திருத்தி பூட்லோடரை நிறுவுவதும் முதல் பதிப்பிலேயே சேர்ந்து வர வேண்டும். காப்பின் கடவுச்சொல்லைப் பயனர் வேறெங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்பதையும் அது கேட்க வேண்டும். கணினியின் சாவிக்கொத்தில் மட்டும் சேமிக்கப்பட்ட கடவுச்சொல் அந்தக் கணினியோடு சேர்ந்து போய்விடும்.

இதற்கான முன்மாதிரி டேஜா டூப்பிலேயே இருக்கிறது. மறையாக்கிய காப்புகளுக்கு அது சுமார் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மறுபடி கேட்டு, ஒரு சிறு மீட்டெடுப்பைச் செய்து பார்க்கிறது. கடவுச்சொல்லை மறந்தவர் தட்டு நன்றாக இருக்கும்போதே அதை அறிந்து, புதிய காப்பைத் தொடங்கிவிடலாம். முழுக் கணினிக் காப்புக்கு அதே சோதனையைக் கொஞ்சம் நீட்டினால் போதும். மெய்நிகர் கணினியை இயக்கும் கேவிஎம் வசதியுள்ள மடிக்கணினியில், காப்பிலிருந்து ஒரு தற்காலிக மெய்நிகர் வட்டை உருவாக்கி, பின்னணியில் அதை பூட் செய்து, உள்நுழைவுத் திரை வரை வருகிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம். அதற்கு இடமும் நேரமும் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரவில், மின்இணைப்பு இருக்கும்போது நடந்தால் போதும். இடமில்லாத கணினியில், காப்பில் உள்ள எஃப்எஸ்டேப்பும் கர்னலும் அதன் தொகுதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டுமாவது சரிபார்க்கலாம்.